இரண்டு பனடோல், ஒரு பேர்

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மரியாதை வாங்கிக் கொடுப்பது கச்சான் காற்று. ஆடி, ஆவணியில் அந்தக் காற்று மேற்கு மலைகளிலேயே மழையை இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு பதுளைப் பக்கம் இறங்கும். கொழுந்து கொஞ்சம் வாடி, அதற்குள் ஒரு வாசம் ஏறும். அதே காற்றில் கொழுந்து பறிக்கிறவளின் உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். விடியற்காலையில் ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் ஆன பிறகு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் புறப்படும் முன், அவள் ஒரு சின்னக் காகித உறையை எடுப்பாள். வெள்ளையாய் இரண்டு குளிசை வாய்க்குள் போகும். இன்னும் இரண்டு, பின்னேரத்துக்கென்று சேலைத் தலைப்பில் முடிச்சாகும்.

உறையின் மேல் பரசிட்டமோல் என்று எழுதியிருக்கும். வாயில் வருவதென்னவோ பனடோல்தான்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கும் அதன் கூலிக்கும் 'பேர்' என்று பேர். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் விழுந்தால் சம்பளம் விழும். பல தோட்டங்களில் ஒரு பேருக்கு 18 கிலோ, 20 கிலோ என்று கணக்கு. நிறை குறைந்தால் அரைப் பேர். இடுப்பு இழுத்தால் கை தளரும், கை தளர்ந்தால் தராசு குறையும். முழுப் பேர் அரைப் பேராகிவிடாமல் காக்கத்தான் அந்த முடிச்சு. அதற்குள் இருக்கும் குளிசை இந்த மலைக்கு வந்து சேர்ந்த கதையும் ஒரு வகையில் பேர்களின் கதைதான். அது நூறாண்டுக்கும் மேற்பட்ட கதை.

*

கதை கரித்தாரில் தொடங்குகிறது. நிலக்கரியை எரிவாயுவாக்கும்போது மிஞ்சும் கறுப்புப் பிசினிலிருந்து சாயம் எடுக்கப் பழகியிருந்த காலம் அது. 1878இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹார்மன் மோர்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு வெள்ளைப் பொடியை உருவாக்கினார். அது வலிக்கு உதவும் என்று அவர் நினைக்கவில்லை. பொடி போத்தலுக்குள் போய்விட்டது.

எட்டு ஆண்டு கழித்து, அப்போது ஜெர்மனியின் கையிலிருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒரு மருந்துக்கடைத் தவறு நடந்தது. கான், ஹெப் என்ற இரு இளம் மருத்துவர்கள் குடல் புழுவுக்காக நோயாளிக்கு நாப்தலீன் கொடுத்துப் பார்த்தார்கள். கடையிலிருந்து வந்ததோ வேறு பொருள்: அசெட்டனிலைட். புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை, காய்ச்சல் இறங்கிவிட்டது. 1886இல் அது 'ஆன்டிஃபெப்ரின்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆனால் தின்றவர்களில் சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாரித்தன. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்துகொண்டிருந்தது. சாயத் தொழிற்சாலையாய் இருந்த பேயர் நிறுவனம், கழிவாய் மலிந்து கிடந்த இன்னொரு பொருளை வைத்து அதற்கொரு தங்கையை உண்டாக்கியது. அதன் பெயர் ஃபெனாசெட்டின்.

1893இல் யோசெப் ஃபொன் மெரிங் என்ற ஜெர்மன் மருத்துவர் மோர்ஸின் வெள்ளைப் பொடியையும் ஃபெனாசெட்டினையும் மனிதர்களுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். வெள்ளைப் பொடியும் இரத்தத்தை நீலமாக்குகிறது என்று எழுதிவிட்டார். அவர் பார்த்த கெடுதி பொடிக்குள் கலந்திருந்த அழுக்கால் வந்திருக்கலாம் என்றுதான் பின்னால் வந்தவர்கள் கருதினார்கள். குற்றம் செய்யாமலே அந்த மருந்துக்கு அரை நூற்றாண்டு வனவாசம்.

அந்த வனவாசத்துக்குச் சற்று முன்பே ஊவா மலை தலைகீழாய் மாறத் தொடங்கியிருந்தது. இலைத்துரு நோயில் கோப்பி அழிந்து தேயிலை ஏறியது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையை வாங்கினார். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து கங்காணி பின்னால் வந்தவர்களுக்கு லயமும் கூடையும் கிடைத்தன. பெருந்தோட்டப் பகுதிகளில் மருத்துவ வசதி செய்ய 1872இலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அந்தச் சட்டத்தின் அக்கறையில் பாதி ஆளின் மீது, மீதி ஆளின் வேலை மீது. கொய்னாவும் விளக்கெண்ணெயும் கொடுத்துத் திரும்ப மலைக்கு அனுப்புவதே அந்நாளைய தோட்டத்து வைத்தியத்தின் சாரம். கொழும்பிலிருந்து 292 கிலோமீற்றர் வளைந்தேறி ரயில் பதுளையைத் தொட்டது 1924இல். தேயிலைப் பெட்டி கீழே இறங்க வந்த ரயில், மருந்துப் பெட்டியை மேலே ஏற்றவும் உதவியது. ஆனால் அந்த வெள்ளைப் பொடி இன்னும் ரயிலேறவில்லை.

*

வனவாசம் முடிந்தது 1948இல். நியூயோர்க்கில் பெர்னார்ட் பிரோடியும் ஜூலியஸ் அக்செல்ரொட்டும் அசெட்டனிலைட் உடம்புக்குள் போய் என்ன ஆகிறது என்று தேடினார்கள். வலியைத் தணிப்பது அசெட்டனிலைட் அல்ல, உடம்பு அதை உடைத்து உண்டாக்கும் வேறொரு பொருள் என்று கண்டார்கள். அதுதான் மோர்ஸின் பழைய வெள்ளைப் பொடி. ஃபெனாசெட்டினும் உடம்புக்குள் அதுவாகத்தான் மாறுகிறது என்றும் தெரிந்தது. இத்தனை நாள் வேறு பெயர்களில் வேலை செய்தது அதுவேதான்.

பொடிக்குத் தன் பெயர் திரும்பிய அதே 1948இல், இந்த மலையில் கொழுந்து பறித்தவர்களின் பெயர்கள் அழிக்கப்பட்டன. இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. செக்ரோலில் பேர் இருந்தது. நாட்டின் ஏட்டில் இல்லை.

1955இல் அமெரிக்காவில் டைலெனோல், 1956இல் இங்கிலாந்தில் 500 மில்லிகிராம் குளிசையாய் பனடோல். வேதியியல் பெயர் நீளம்: பாரா-அசெட்டைல்-அமினோ-ஃபீனோல். அதை ஒரு பக்கம் வெட்டி பரசிட்டமோல் என்றார்கள். அமெரிக்கர் இன்னொரு பக்கம் வெட்டி அசெட்டமினோஃபென் என்றார்கள். இரைப்பையை அஸ்பிரின் போலப் புண்ணாக்காது என்பதால் அது வேகமாகப் பரவியது. மறுபுறம் ஃபெனாசெட்டின் சிறுநீரகத்தைக் கெடுப்பது வெளிப்பட்டு, நாடு நாடாக அதற்குத் தடை வந்தது. கடைசியில் தங்கை போனாள், தள்ளிவைக்கப்பட்டவள் வீட்டை ஆண்டாள்.

*

ஒரே மருந்துக்குப் பத்துப் பெயர் இருந்தால் விலையும் பத்து விதமாய் இருக்கும். இதை இலங்கையில் உரக்கச் சொன்னவர் சேனக பிபிலே. ஊவாவின் பிபிலைக் குடும்பத்துப் பிள்ளை. 1958இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியல் பேராசிரியர். விளம்பரப் பெயரை விட்டுவிட்டு மருந்தை அதன் சொந்தப் பெயரில் எழுதுங்கள், தேவையானதை மட்டும் பட்டியலிடுங்கள், மொத்தமாய்க் கேள்விப்பத்திரம் கோரி வாங்குங்கள் என்பது அவர் கொள்கை. 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் பிறந்தது. தனியார் துறைக்கு இறக்குமதியான மருந்து வகைகள் ஏறக்குறைய 2,100இலிருந்து 600ஆகச் சுருங்கின. பன்னாட்டு மருந்து நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. கொள்கை பல இடங்களில் தளர்ந்தது. 1977 செப்டெம்பரில், ஐக்கிய நாடுகள் பணியில் இருந்தபோது, பிபிலே கயானாவில் இறந்தார். உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். பரசிட்டமோல் இன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

பிபிலையிலிருந்து லுணுகலை, பசறை வழியே பதுளைக்கு வரும் பாதையின் இருபுறமும் தேயிலை. அந்த லயங்களில் இன்றைக்கும் 'ரெண்டு பனடோல் தாங்க' என்றுதான் கடையில் கேட்கிறார்கள். சொந்தப் பெயருக்காக வாதாடிய மனிதரின் மண்ணிலேயே விளம்பரப் பெயர் வென்றிருக்கிறது. ஆனாலும் விலையில் அவர் முழுதாகத் தோற்கவில்லை. 1987இல் ஜப்பானின் உதவியோடு இரத்மலானையில் எழுந்த அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் பரசிட்டமோலை உள்நாட்டிலேயே குளிசையாக அடிக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இலவசம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்தபோது பரசிட்டமோலும் அதில் இருந்தது.

குளிசை இங்கே அடிக்கப்பட்டாலும் அதற்குள் இருக்கும் பொடிக்கு இந்தியாவையும் சீனாவையுமே உலகம் பெரிதும் நம்பியிருக்கிறது. 2020 மார்ச்சில், கொரோனா தொடங்கிய வேளை, பரசிட்டமோல் உட்பட 26 மருந்துப் பொருட்களின் ஏற்றுமதிக்கு இந்தியா சிலகாலம் கட்டுப்பாடு விதித்தது. 2022இல் டொலர் இல்லாமல் இலங்கை முடங்கியபோது ஏப்ரல் முடிவில் 60 மருந்துகளின் விலை 40 சதவீதம் உயர்த்தப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையைச் சரித்து, பதுளைப் பாதைகளையும் ரயில் தண்டவாளத்தையும் துண்டித்துப் போட்டது. துறைமுகம் வரை வந்த கப்பலைவிட, கடைசி எட்டு மைல் ஏற வேண்டிய லொறிக்குத்தான் பாடு அதிகம் என்பதை இந்த மலை மறுபடி பார்த்தது.

*

இனித் தோட்டத்து டிஸ்பென்சரி. மருத்துவ உதவியாளர் ஒருவர், ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு பதிவேடு. வாங்கில் வரிசையாய்ப் பெண்கள்.

"ஐயா, இடுப்பு கடுக்குது. கழுத்து உளையுது. வெரலு மரத்துப் போயிருது."

தமிழில் வலிக்கு இருக்கும் சொற்களைக் கேட்க வேண்டுமானால் அந்த வாங்கில் போய் உட்கார வேண்டும். கடுப்பது வேறு, உளைவது வேறு. குத்துவது, இழுப்பது, விண்விண் என்று தெறிப்பது, சுள்ளென்று ஏறுவது, மரத்துப்போவது எல்லாம் தனித்தனி. கூடைக் கயிறு நெற்றியில் விழ, பாரம் முதுகில் தொங்க, சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாய் நாள் முழுக்க நின்றவளின் உடம்பு எழுதும் குறிப்புகள் அவை. கழுத்து உளைவது கயிற்றைச் சொல்கிறது. விரல் மரப்பது மணிக்கட்டில் நசுங்கும் நரம்பைச் சொல்கிறது. பதிவேட்டில் அவை அத்தனையும் 'உடல் வலி' என்ற ஒரே சொல்லாகின்றன. உறையில் போடுவதும் ஒரே குளிசை.

அந்தக் குளிசை இந்த வலிகளுக்கு என்ன செய்கிறது? இதைத்தான் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாய் ஆராய்ச்சியாளர்கள் கறாராகக் கேட்டு வருகிறார்கள்.

2014இல் சிட்னி ஆய்வாளர்கள், திடீர் இடுப்பு வலி வந்த சுமார் 1,650 பேரை மூன்று குழுவாய்ப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வேளை தவறாமல் பரசிட்டமோல், ஒரு குழுவுக்கு வலிக்கும்போது மட்டும், மூன்றாவது குழுவுக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசை. பாதிப்பேர் குணமாக எடுத்த நாட்கள் முறையே 17, 17, 16. மருந்து தின்றவரும் தின்னாதவரும் ஒரே நாளில் எழுந்தார்கள். தலைவலி, பல்வலி, காய்ச்சலுக்கு உதவும் குளிசை, இடுப்புப் பிடிப்பைக் குணமாக்குவதில் ஒரு நாளைக்கூடக் குறைக்கவில்லை.

நீண்டகாலம் தினமும் தின்றால் செலவு வேறு பக்கம் எழுதப்படுகிறது. 2022இல் எடின்பரோவில் இரத்த அழுத்தம் உள்ள 110 பேருக்கு நாளொன்றுக்கு நான்கு கிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மேல் அழுத்தம் ஏறக்குறைய ஐந்து புள்ளி ஏறியது. 2024இல் நொட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் 65 வயதைத் தாண்டிய 1,80,000க்கு மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தபோது, அடிக்கடி பரசிட்டமோல் எடுத்தவர்களிடம் இரைப்பை இரத்தக் கசிவு, சிறுநீரக நோய், இதயத் தளர்ச்சி ஆகியன கூடுதலாய்த் தெரிந்தன. இது தொடர்பு மட்டுமே. காரணம் என்று உறுதியாகவில்லை. ஆனாலும் பென்ஷன் எடுத்து லயத்தில் இருக்கும் பாட்டி, பிரஷர் குளிசையோடு தினமும் நான்கு பனடோலும் போடுகிறாள் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்வது நல்லது. நாளைக்கு எட்டுக் குளிசை என்பதே வளர்ந்தவருக்கு உச்ச அளவு. அதைத் தாண்டினால் ஈரல் கெடும். தடிமன் மருந்துப் பைக்கற்றுகளில் பலவற்றிலும் இருப்பது இதே பொருள். ஒரே ஆள் இரண்டு பேரில் உடம்புக்குள் நுழைந்தாலும் ஈரலுக்குக் கணக்கு ஒன்றுதான்.

பெயர்க் குழப்பம் 2025 செப்டெம்பரிலும் வேலை செய்தது. கர்ப்பிணிகள் டைலெனோல் எடுக்கக்கூடாது, குழந்தைக்கு ஓட்டிசம் வரலாம் என்று அமெரிக்க ஜனாதிபதி அறிவித்தார். செய்தி கைப்பேசி வழியே மலைக்கும் ஏறியது. அந்த டைலெனோல் தங்கள் உறையில் இருக்கும் பனடோல்தான் என்று தெரியாதவர்கள் கடந்துபோனார்கள், தெரிந்தவர்கள் பயந்தார்கள். முந்தைய ஆண்டே சுவீடனில் 24 லட்சம் பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்திருந்தார்கள். ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் உறுதியான சான்று இல்லை என்றது. காய்ச்சல் அடிக்கும் கர்ப்பிணி அதைக் குறைக்காமல் விடுவதும் ஆபத்துதான். தேவைக்கு, குறைந்த அளவில், மிட்வைஃப் மிஸ்ஸியிடமோ டாக்டரிடமோ கேட்டு எடுப்பதே வழி.

*

இத்தனை காலம் பழகியும் இந்தக் குளிசை எப்படி வேலை செய்கிறது என்பது அண்மைக்காலம் வரை புதிர். 2005இல் சுவீடனில் ஒரு நுனி பிடிபட்டது: மூளையிலும் முள்ளந்தண்டு நரம்பிலும் பரசிட்டமோல், ஏஎம்404 என்ற பொருளாக மாறுகிறது. அது போய்த் தொடும் இடங்களில் ஒன்று, கொச்சிக்காயின் உறைப்பை உணரும் அதே நரம்பு வாசல். அந்த வாசலைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. காலைச் சம்பலும் அதன்பின் விழுங்கும் குளிசையும் ஒரே கதவில் கைவைக்கின்றன.

இன்னொரு வாசலும் உண்டு. வலி நரம்பின் சுவரில் சோடியம் நுழையும் சிறு வழிகள் இருக்கின்றன. அவை திறந்தால்தான் வலிச்செய்தி ஓடும். 2006இல் வடக்குப் பாகிஸ்தானில் ஒரு சிறுவனைப் பற்றிய ஆய்வு வந்தது. தெருவில் தணலில் நடந்தும் கையில் கத்தி ஏற்றியும் வித்தை காட்டிய பிள்ளை. அவனுடைய உறவுக் குடும்பங்களில் அந்த வழிகளில் ஒன்று பிறவியிலேயே அடைபட்டிருந்தது. ஊவாவின் தெற்கு எல்லையில், கதிர்காமத்தில் தீ மிதிக்கிறவர்களுக்கு வலி உண்டு. அதைத் தாங்க நேர்த்தி உண்டு. அந்தச் சிறுவனுக்குத் தாங்க எதுவுமே இல்லை. கூரையிலிருந்து குதித்து, பதினான்கு வயது நிறையுமுன் இறந்துபோனான். போதும், நில் என்று உடம்பு சொல்லத் தெரியாமல் போனால் முடிவு அதுதான்.

அந்த வாசல்களில் ஒன்றை மட்டும் மூடும் புதிய மருந்து, சுசெட்ரிஜின், 2025 ஜனவரி 30இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடும் வலிக்கு அபின் வகை மருந்தல்லாத புதுவழி என்று கொண்டாடினார்கள். அதே ஆண்டு ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பரசிட்டமோலிலிருந்து வரும் ஏஎம்404 வலி நரம்பின் நுனியிலேயே உண்டாகி அதே சோடியம் வாசல்களை அடைக்கிறது என்று காட்டினார்கள். எலி நரம்புகளில் கண்டது. மனிதரில் இன்னும் உறுதிப்பட வேண்டும். உண்மையானால், புதுக் குளிசை தட்டும் கதவைப் பழைய குளிசை எப்போதோ தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. வித்தியாசம் விலையில்தான். புதுக் குளிசை ஒன்று 15 டொலர் 50 சதம். 2026 முதல் தோட்டத்தில் ஒரு நாளைக்கு 1,550 ரூபாயும், வேலைக்கு வந்தால் அரசின் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவுமாக 1,750 என்று ஆகியிருக்கிறது. ஒரு குளிசைக்கு இரண்டரைப் பேரும் போதாது.

*

சிட்னியின் அந்த மூன்று எண்கள்தான் எனக்கு மறுபடி மறுபடி வருகின்றன: 17, 17, 16. மூன்று குழுவையும் எழுப்பி நிறுத்தியது குளிசை அல்ல, நாள். படுத்துக் கிடக்க வேண்டாம், நடமாடு, இடுப்பு இணங்கும் அளவுக்கு வேலை செய் என்பதுதான் இன்று இடுப்பு வலிக்கு மருத்துவம் சொல்லும் முதல் புத்தி. அதை இந்த மலையில் எழுதிக் கொடுத்தால் அதற்குப் பெயர் கூடையில்லாத வேலை, சரிவில்லாத வேலை, நிறை பாராத பேர்.

பதினேழு நாளைக்கு அப்படி ஒரு பேர் தோட்டத்தில் கிடையாது. மலைக்குப் போகாமல் இருந்தால் பதினேழு பேர் போகும். 1,750 வீதம் 29,750 ரூபாய். வருகைக் கொடுப்பனவும் வந்தவளுக்குத்தான், வலித்தவளுக்கு இல்லை. ஆகவே அவள் குளிசையைத் தவறான நோக்கத்துக்கு எடுப்பதாக ஆய்வாளர் யாராவது சொன்னால், அது பாதிதான் சரி. இடுப்பு குணமாகும் என்று அவள் விழுங்கவில்லை. பின்னேரத் தராசு வரை இடுப்பு பொறுத்துக்கொள்ளட்டும் என்று விழுங்குகிறாள்.

மாலையில் கொழுந்து நிறுக்கிறார்கள். கணக்கப்பிள்ளை நிறையைச் சொல்கிறார், பேர் விழுகிறது. லயத்துக்கு இறங்கும் படியில் அவள் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து உதறுகிறாள். உள்ளே ஒன்றும் இல்லை. நாளைக்கும் மலை இருக்கிறது. டிஸ்பென்சரி எட்டு மணிக்குத்தான் திறக்கும், பிரட்டு அதற்கு முன்னாலேயே.